சித்திரையில் எடுத்த சாம்பிள்

பத்தமடைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இன்பமணி அரசாங்க நர்ஸ். அன்று அவள் சைக்கிள் குழாயடியைத் தாண்டும்போது மாரிக்கண்ணு சத்தம் கொடுத்தாள்.

“என்ன நர்ஸம்மா, எங்க சாம்பிள் எல்லாம் டெல்லிக்குப் போயிட்டோ?”

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். இன்பமணிக்கு முகம் சுண்டிப்போனது. சைக்கிளை நிறுத்தாமல் மிதித்தாள்.

சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம், திருநெல்வேலியில் ஆராய்ச்சி நடக்கிறது, செலவில்லை என்று தொண்டை வறளப் பேசினாள். “நல்லாத்தான இருக்கேன், எனக்கு எதுக்கு?” என்றவர்களிடம், நன்றாக இருக்கும்போதே பார்ப்பதற்குத்தான் இது என்று மன்றாடினாள். பால்வாடிக்குள் சேலையைத் திரையாகக் கட்டி, கூச்சத்தில் விறைத்துப்போன பெண்களைப் படுக்கவைத்து, கண்ணாடித் தகட்டில் சாம்பிள் எடுத்து, பெட்டியில் அடுக்கி அனுப்பினாள். ஒரு மாதத்தில் முடிவு வரும் என்று வாக்கும் கொடுத்தாள். இப்போது புரட்டாசி.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். ஆராய்ச்சியைக் கவனித்துவந்த டாக்டர் வெங்கட்ரமணன் தன்மையாகத்தான் பேசினார்.

“தகட்டுக்கெல்லாம் சாயம் ஏத்தி வச்சாச்சும்மா. மைக்ராஸ்கோப்ல பாக்கதுக்குத்தான் ஆள் இல்லை. இருந்தவரும் வேலைய விட்டுட்டார். ஆராய்ச்சி முடியும்போது மொத்தமா அனுப்பிடுவோம்.”

“மொத்தமான்னா எப்ப சார்?”

“அடுத்த வருஷம் ஆயிரும்.”

அத்தனை மாதமும் அடக்கிவைத்திருந்த கோபம் இன்பமணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க கட்டுரைக்கு அடுத்த வருஷம் போதும் சார். பொம்பளைங்க உடம்பு அதுவரைக்கும் பொறுக்குமா? எங்க ஊர்ப் பெட்டியை எடுத்துப் பாருங்க. பாக்காம நான் போகமாட்டேன்.”

சொன்னபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பிறகு அவரே பெட்டியைத் திறந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“மத்தவங்களுக்குப் பயமில்லை. மாரிக்கண்ணு யாரு? சதை எடுத்துப் பாத்துத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா உடனே கூட்டிட்டு வாங்க. ஆரம்பமாத்தான் தெரியுது, குணப்படுத்திடலாம்.”

மாரிக்கண்ணுவின் புருஷன் காசிலிங்கம் வாழைத்தார் வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“ஆறு மாசம் சும்மா கெடந்தது, இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்? அவளுக்கு வலியுமில்ல, நோவுமில்ல. உங்க ஆராய்ச்சிக்கு என் பொண்டாட்டிதான் கெடைச்சாளா?”

“தாமதம் எங்க தப்பு அண்ணாச்சி. அதுக்கு என்னைய ஏசுங்க. அந்தக் கோவத்தை அவ உசுரு மேல காட்டாதீங்க.”

அவன் வெளியே போய்விட்டான். மாரிக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “செத்துருவேனாக்கும்?”

“சும்மா இருந்தாத்தான் பயம். இப்பவே பாத்தா பொழைச்சுக்கிடுவ.”

விஷயம் பரவியதும் தெரு ஒதுங்கியது. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று எவரோ கிளப்பிவிட, பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விளையாட விடவில்லை. ஒட்டாது, ஒட்டாது என்று இன்பமணி வாசல் வாசலாகச் சொன்னாள். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டுக் கோமு மட்டும் மாரிக்கண்ணுவின் பிள்ளைகளுக்குத் தன் அடுக்களையில் இலை போட்டாள். “நீ பொறப்படு மதினி. ஆஸ்பத்திரியில நான் உங்கூட இருக்கேன்” என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் காசிலிங்கமும் இறங்கிவந்தான்.

சதைப் பரிசோதனையில் நோய் உறுதியானது. ஆப்ரேஷனுக்கு நாள் குறித்து, ரத்தம் வேண்டும் என்றார்கள். காசிலிங்கத்தின் தம்பிமார்கள் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார்கள். ஒருவனுக்குத் தலைசுற்றல், இன்னொருவனுக்கு அவசரமாக வள்ளியூரில் சோலி. தார் சுமக்கும் தோள்கள் ஊசியைக் கண்டு நழுவுவதை இன்பமணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் அவளும் கோமுவும் கொடுத்தார்கள். வெட்கமோ என்னவோ, காசிலிங்கமும் சட்டைக் கையைச் சுருட்டினான்.

ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார்த்திகை பிறக்குமுன் மாரிக்கண்ணு பைய நடந்து கடைக்குப் போக ஆரம்பித்தாள். அவளைப் பார்த்த பெண்கள் இன்பமணியைத் தேடி வந்தார்கள். சித்திரையில் ஓடி ஒளிந்தவர்கள்கூட, “எங்களுக்கும் பாத்துருங்க நர்ஸம்மா” என்றார்கள்.

அவள் சந்தோஷமாகத் திருநெல்வேலிக்குப் போன் போட்டாள்.

“பணம் இல்லைன்னு திட்டத்தை இப்பவே முடிச்சுட்டாங்கம்மா,” என்றார் வெங்கட்ரமணன். குரல் இறங்கியிருந்தது. “புதுசா ஸ்லைடு அனுப்ப முடியாது. வேணும்னா செவ்வாய்க்கிழமை இங்க அனுப்புங்க, நான் பாக்கேன்.”

இன்பமணி போனை வைத்தாள். யாரை ஏசுவது என்றுகூடத் தெரியவில்லை.

வந்து கேட்டவர்களிடம் செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். “திருநெல்வேலிக்கா? இங்கன வச்சுன்னா வருவோம்,” என்று பலரும் கலைந்துபோனார்கள். செவ்வாய் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். டாக்டர் அறையை வழிகாட்ட மாரிக்கண்ணுவும் வந்திருந்தாள். இத்தனை பேர்தானா என்று இன்பமணிக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. பஸ் வந்ததும் அவர்களை முன்னால் ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள்.