குழு முடிவு

பாபநாசம் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஷம்சாத் இட்லி மாவு அரைத்து விற்றுவந்தாள். குவைத்தில் வண்டி ஓட்டும் அவளுடைய கணவன் ஜாஃபர் சாதிக்குக்கு முதலாளி சம்பளத்தை இழுத்தடித்ததால், பெரிய கிரைண்டர் வாங்க அவள் மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். வட்டிக்கு வாங்காதே, ஹராம் என்று அவன் போனில் சத்தம் போட்டான். அதற்கு மாற்றாகப் பணம் எதுவும் அனுப்பவில்லை.

குழுவின் தலைவி தர்மாம்பாள், அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருந்தாள். வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வலது கையை நீட்டி உறுதிமொழி சொல்வார்கள். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம் என்று அதில் ஒரு வரி வரும். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பார் சாமிதுரை. நிதி நிறுவனத்திலிருந்து தவணை வாங்க வருபவர் அவர்தான். பேராவூரணிப் பக்கத்துக்காரர். புயலில் தென்னந்தோப்பு போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார்.

ஷம்சாத்துக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வந்து படுத்தவளால் குனிந்து நிமிர முடியவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் மகள் ஹுமைரா பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் அரைத்தாள். அது வீட்டுச் செலவுக்கே போதவில்லை. தவணை நின்றது.

முதல் வாரம் மற்ற பெண்கள் பங்கு போட்டுக் கட்டினார்கள். அடுத்த வாரம் முணுமுணுத்துக்கொண்டு கட்டினார்கள். அதற்கடுத்த வாரம் யாரிடமும் இல்லை. சாமிதுரை கோபப்படவில்லை. தர்மாம்பாள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பணம் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்க்கா. நீங்க உங்க வேலையப் பாருங்க."

மத்தியானம் ஆனது. வீட்டுக்கு வந்த ஆளை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று தர்மாம்பாள் அவருக்கும் இலை போட்டாள். அவர் ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் இருக்கும்போது பெண்களாலும் எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒருத்தி பால்வாடியிலிருந்து குழந்தையைக் கூப்பிட்டு வரணும் என்றபோது, "போய்ட்டு வாங்க, வரும்போது பணத்தக் கொண்டாந்துடுங்க" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் எல்லோரும் ஷம்சாத் வீட்டுக்கு வந்தார்கள். பின்னால் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. கிரைண்டருக்கு அய்யம்பேட்டை டிபன் கடைக்காரரிடம் விலை பேசி முடித்திருந்தார்கள்.

ஹுமைரா கதவை மறித்து நின்றாள். "அம்மா படுத்திருக்காங்க. குவைத்துல இருக்கிற அத்தாகிட்ட போன்ல பேசுங்க."

"உங்க அத்தா போன எடுத்தா நாங்க ஏன்டி வரோம்" என்று ஒருத்தி அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

கிரைண்டரில் பாதி அரைந்த மாவு கிடந்தது. அதைச் சாக்கடையில் கொட்டப்போனாள் தர்மாம்பாள். "ஏன் வீணாக்குறே" என்று இன்னொருத்தி ஷம்சாத்தின் அடுக்களையிலிருந்தே ஒரு தூக்குவாளியை எடுத்து, மாவை வழித்து ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டு விடாமல் விரலால் வழித்தாள். கட்டிலில் படுத்தபடி ஷம்சாத் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமிதுரை தெருவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹுமைரா அவரிடம் போய், "நீங்களே சொல்லுங்க சார்" என்று அழுதாள்.

"நான் எதையும் எடுக்கச் சொல்லலம்மா. இது குழு முடிவு. நாங்க தலையிட முடியாது."

கிரைண்டர் விற்ற பணத்தில் ஷம்சாத்தின் கடன் மொத்தமும் அடைந்தது. உடம்பு தேறியதும் அவள் கையால் மாவு பிசைந்து இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தாள். குழுப் பெண்கள் எதிரே வந்தால் பேசாமல் கடந்துபோனாள்.

சம்பா நாற்று நடுகிற சமயத்தில் சாமிதுரை மறுபடியும் அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட்.

"கடன ஒழுங்கா முடிச்சவங்கள வச்சு கம்பெனி ஒரு வீடியோ எடுக்குதுக்கா. உங்க பேரு வந்திருக்கு. வந்து நின்னீங்கன்னா போதும். பாக்கி இல்லைங்கிற சர்டிபிகேட்டையும் அங்கேயே கையில குடுத்துடுறேன்."

அந்தச் சர்டிபிகேட்டுக்கு அவள் பலமுறை அலைந்திருந்தாள். அதனால் போனாள்.

தர்மாம்பாள் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கிரைண்டர் இருந்தது. ஷம்சாத் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அவளுடையதுதான். ஒருநாள் வாடகைக்கு அய்யம்பேட்டையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். கல்லின் இடுக்குகளில் பழைய மாவு காய்ந்து புளித்து நாறியது.

சென்னையிலிருந்து வந்திருந்த மாதங்கி என்ற பெண் கேமராவைச் சரிசெய்துவிட்டு, "இந்தக் கடன் உங்க வாழ்க்கைய எப்படி மாத்துச்சுன்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

ஷம்சாத் சொன்னாள். "நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். இந்த கிரைண்டர எங்க வீட்லேருந்து தூக்கிட்டுப் போனாங்க. வித்து கடன முடிச்சாங்க. இப்ப இடியாப்பம் விக்கிறேன்."

மாதங்கி கேமராவை நிறுத்தினாள். "அதெல்லாம் வேண்டாம்க்கா. நல்லதா ஏதாவது சொல்லுங்க."

"நடந்தது இதுதாங்க."

இரண்டாம் முறையும் ஷம்சாத் அதையே சொன்னாள். மாதங்கி சாமிதுரையை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். திரும்பிவந்து, பெயரும் விவரமும் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டன, மாற்ற முடியாது என்றாள். முகம் தெரிய வேண்டாம், கை தெரிந்தால் போதும், குரலைச் சென்னையில் யாரையாவது பேசவைத்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு தர்மாம்பாளைப் பார்த்து, "உங்ககிட்ட கறுப்புத் துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

தர்மாம்பாள் உள்ளே போனாள். கறுப்புச் சால்வை ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து, கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்துக்காக அதில் ஊற்றியிருந்த மாவுக்குள் கையை விட்டாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அசல் பாய் வீட்டம்மாதான்" என்றாள் ஒருத்தி.

ஷம்சாத் சந்து முனைவரை நடந்துபோய், வாய்க்கால் மதகைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சர்டிபிகேட்டை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் தர்மாம்பாள் வந்தாள். கம்பெனி கொடுத்த ஹாட்பாக்ஸ் ஒன்றை நீட்டினாள். "இது உனக்கு வரவேண்டியது ஷம்சாத்து."

ஷம்சாத் வாங்கவில்லை.

"அன்னைக்கு அந்தாளு என் வீட்டுக் கூடத்துல உக்காந்துக்கிட்டு எந்திரிக்கலடி. நான் என்ன பண்ணியிருக்கணும்னு நீயே சொல்லு."

"கிரைண்டர எடுத்தது புரியுதுக்கா. என்னால கட்ட முடியல, உங்க தலையில விழுந்துச்சு, எடுத்தீங்க. இன்னைக்கு அந்தத் துணிய எதுக்குப் போத்துனீங்க? யாரு மிரட்டுனா?"

தர்மாம்பாள் தரையைப் பார்த்தாள். "அடுத்த லோன் பெருசாப் போட்டுத் தரேன்னு சார் சொன்னாரு."

"எடுத்துட்டுப் போங்கக்கா. எனக்குக் கோபம் இல்ல. உங்கள பாக்கவே அருவருப்பா இருக்கு."

சில நாட்களில் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. ஜாஃபர் சாதிக் குவைத்திலிருந்து கூப்பிட்டான். வெகுநாளைக்குப் பிறகு அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

"உன் பேரு போட்டு வந்திருக்கே. எவ்வளவு நல்லாப் பேசியிருக்கே. கையப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டேன்."

"அது என் கை இல்ல" என்றாள் ஷம்சாத். பிறகு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கட்டிலில் கிடந்ததை, மாவை வழித்த விரலை, கறுப்புச் சால்வையை, எதையும் விடாமல் சொன்னாள்.

அவன் முழுவதையும் கேட்டான். அப்புறம், "சரி, இத வேற யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காதே. ரூம்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நம்ம சொந்தக்காரங்க குரூப்லயும் போட்டிருக்கேன். அசிங்கமாப் போயிடும்" என்றான்.

அவள் போனை வைத்தாள். சொந்தக்காரர்கள் குரூப்பைத் திறந்தாள். வீடியோவுக்குக் கீழே மாஷா அல்லாஹ் என்று வரிசையாக வந்திருந்தது. ஹுமைராவிடம் எதை அமுக்கிப் பேசுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போனை வாய்ப்பக்கத்தில் வைத்தாள்.

"நான் ஷம்சாத் பேசுறேன். இதுல இருக்கிறது நான் இல்ல" என்று ஆரம்பித்தாள்.