சிவப்பெழுத்து விட்டுப்போன கடிகாரம்

1976 ஆகஸ்டு மாதத்திலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த அய்யாவு என்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சனிக்கிழமை முடியும்போது பாயில் படுத்திருப்பான். அடுத்த நொடி அவனுக்குத் திங்கட்கிழமை. நடுவில் ஒரு முழு நாளும் பாய் காலியாகக் கிடக்கும். ஆள் படுத்திருந்த இடத்தில் போர்வை மெல்ல அமுங்கிவிடும். தலையணைக்குப் பக்கத்தில் அவனுடைய கைக்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கென்ன நஷ்டம். அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் பார்த்ததுதான். நானும் இரண்டு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டேன்.

அய்யாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. ரயில் பெட்டி கழுவும் யார்டில் வேலை. நாள் முழுக்கக் கை தண்ணீரிலும் சோப்பு நுரையிலும் ஊறும். அதற்குள் மூன்று கடிகாரங்கள் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிச் செத்துப்போயிருந்தன. அதனால்தான், முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியே அறியாத அந்த மனுஷன் கடலுக்குள் முங்குகிறவர்கள் கட்டும் கடிகாரத்துக்கு ஆசைப்பட்டான். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், கொடுக்கவும் முடியாது, கை ஆட ஆடத் தானாக முறுக்கேறும். ஜாலான் தம்பிப்பிள்ளையில் கடிகாரக் கடை வைத்திருந்த கார்த்திகேசு, தீபாவளிக்குத்தான் அடுத்த சரக்கு வரும் என்றார். மாப்பிள்ளைக்கு அதுவரை பொறுக்குமா? வருகிற ஞாயிறு கிள்ளானில் சந்திரகலாவுக்குப் பரிசம் போடப் போகிறார்கள். பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் தாம்பூலத் தட்டை வாங்கும்போது கையில் அது மின்ன வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான்.

கடையில் ஒன்றே ஒன்று இருந்தது, விற்காமல் ஒதுக்கி வைத்தது. கார்த்திகேசு மறைத்து விற்கிற ஆள் இல்லை. குறைகளை அவரே காட்டினார். கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற வளையம் பன்னிரண்டுக்கு நேரே நிற்காமல் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. அது கிடக்கட்டும். கிழமை காட்டும் சின்னக் கட்டத்தில் ஆறு நாளும் கறுப்பெழுத்தில் ஒழுங்காக வந்தன. ஞாயிற்றை மட்டும் தனியாகச் சிவப்பு மையில் அச்சடிப்பார்கள். அந்தத் தட்டு சிவப்பு மையைப் பார்க்காமலே பெட்டிக்குள் ஏறிவிட்டது. ஞாயிறு வர வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "வேணாம் தம்பி, ஒரு மூணு மாசம் பொறுங்க, நல்லதா ஒண்ணு எடுத்துத் தாரேன்" என்று அவர் எவ்வளவோ சொன்னார். அய்யாவு சிரித்தான். "அங்கிள், ஞாயித்துக்கிழம எனக்கு லீவு லா. லீவு நாள வாட்ச்சப் பாத்தா தெரிஞ்சிக்கணும்? ஞாயிறு இல்லாட்டிப் பரவால்ல, கட்டி விடுங்க." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பரிசத்தன்று காலையில் அவன் அக்கா வீரம்மா எழுந்து பார்த்தபோது தம்பியைக் காணோம். முடி வெட்டப் போயிருப்பான் என்று பதினோரு பரிசத் தட்டுகளையும் வேனில் ஏற்றினாள். ஒன்பது மணிக்கு வைய ஆரம்பித்தாள், பத்து மணிக்கு அழ ஆரம்பித்தாள். கிள்ளானில் சந்திரகலாவின் அப்பா தம்புசாமி அறுபது பேரை உட்கார வைத்துக்கொண்டு நாலு மணிவரை வாசலையே பார்த்தார். மறுநாள் விடிந்ததும் அய்யாவு புது வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்து, "என்னக்கா, கெளம்பலாமா?" என்று கேட்டான். விளக்குமாறு பிய்கிற வரைக்கும் வீரம்மா அடித்தாள். அவனுக்கு எதற்கென்றே விளங்கவில்லை, பாவம்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் விளங்கியது. கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டிப் பார்த்தான். கடிகாரம் அலமாரியில் இருந்தது, அவன் இல்லை. கார்த்திகேசு காசு வாங்காமலே மூன்று முறை கிழமைத் தட்டை மாற்றினார். மாற்றிய தட்டிலும் ஞாயிறு வருவதற்குள் சிவப்பெழுத்து வெளுத்து மறைந்தது. ஞாயிறு தாண்டும்படி முள்ளைக் கையால் திருப்பியும் பார்த்தார், அவன் வரவில்லை, அந்த நாள் தானாக ஓடித்தான் தீர வேண்டும். யார்டு ஆட்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை அவன் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரவு பன்னிரண்டு மணி ஆனதும் நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அதற்குமேல் யாரும் முயற்சி செய்யவில்லை. திங்கள் பிறந்து அரை நிமிடம் கழித்துத்தான் அவன் வருவான், அது அந்த வளையத்தின் குறை என்று கார்த்திகேசு சொன்னார்.

வேறொருவனாக இருந்தால் ஒரு லீவு நாள்தானே என்று விட்டிருப்பான். அய்யாவுக்கு அப்படி விட முடியவில்லை. காரணம், நம்மவர்கள் கல்யாணம் வைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். பெக்டரிக்காரன், லோரிக்காரன், வாத்தியார் எல்லாருக்கும் அன்றைக்குத்தான் லீவு. வேலை நாளில் கல்யாணம் வைத்தால், என்ன அவசரமோ என்று ஊர் பெண்ணின் வயிற்றைப் பார்க்கும். தம்புசாமி அடித்துச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழம ஆயிரம் பேர் சாப்பிடணும். இல்லைன்னா என் மக வீட்டுலயே இருக்கட்டும்." சந்திரகலா பிஸ்கட் பெக்டரியில் வேலை செய்தாள். அவளுக்கும் ஞாயிறு ஒன்றுதான் லீவு. அதனால் வேலை முடிந்து அய்யாவு கிள்ளான் ரயிலைப் பிடித்துப் போய், அவள் பஸ் வரும்வரை ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் நிற்பான். வாரத்துக்கு இரண்டு தடவை, எட்டு வருஷம். வந்த வரன்களை எல்லாம் அவள் தட்டிக் கழித்தாள். "நீங்க ஒரு ஞாயிறு வந்தாப் போதும்" என்பாள். அந்த ஒன்றுதான் அவனிடம் இல்லை. கூண்டுக்குள் மாட்டிய எலிக்காவது கம்பி தெரியும், எனக்கு அதுவும் தெரியல என்று யார்டில் ஒருநாள் உட்கார்ந்து அழுதான்.

1984இல் ஒரு வெள்ளி நள்ளிரவு அவனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சனி முழுக்கக் கையை அசைக்காமல் படுத்திருந்தான். கை ஆடினால்தானே கடிகாரத்துக்கு முறுக்கு? புதிதில் இரண்டு நாள் தாங்கிய சுருள்வில்லும் தளர்ந்திருந்தது. ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கடிகாரம் நின்றுபோயிற்று. திங்கள் வந்தது, அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வீரம்மா பாயைச் சுருட்டிக்கூட வைக்காமல், கையால் தொடப் பயந்து, தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். புதன் காலையில் சேதி கேட்டு சந்திரகலா பெக்டரிக்குச் சொல்லாமல் ரயிலேறி வந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்துப் பார்த்தாள். நின்ற கடிகாரத்தை யாரும் செய்கிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கினாள். முள் ஓடியது.

அவள் கெட்டிக்காரி. மிச்சமிருப்பது நாலு மணி நேர ஞாயிறு என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. கடிகாரத்தைத் தன் கையில் கட்டினாள். பெரிய சைஸ், முழங்கை வரை ஏறியது. வீட்டைக் கூட்டினாள், இருந்த பாத்திரத்தை எல்லாம் இரண்டு தடவை விளக்கினாள், உலர்ந்திருந்த துணிகளை மறுபடி துவைத்தாள். கையை நிறுத்தவே இல்லை. பத்து மணிக்கு ஆரம்பித்தவள் இரண்டு மணிக்கு ஈரக் கையோடு திரும்பினால், பாயில் அய்யாவு காய்ச்சலோடு கிடக்கிறான். "திங்கக்கிழமையா கலா?" என்றான். "புதன்" என்றாள் அவள். பிறகு அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டே, "அடுத்த புதன் நமக்குக் கல்யாணம். அப்பா வந்தா வரட்டும்" என்றாள்.

எட்டு வருஷமாக எங்களில் ஒருவருக்கும் இப்படித் துணியத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கிள்ளான் கோயிலில் பதினாலு பேர் முன்னால் தாலி கட்டினான். ஐயர் கூட வேறு வேலை இருக்கிற மாதிரி மந்திரம் சொன்னார். தம்புசாமி அரை நாள் லீவு போட்டுவிட்டு யூனிபாரத்தோடு வந்து தூணோரம் நின்றார். அட்சதை போடும்போது மட்டும் முன்னால் வந்தார்.

ஆனால் கூண்டு திறந்துவிடவில்லை, இன்னொரு ஆளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சுருள்வில் வருஷத்துக்கு வருஷம் தளர்ந்தது, அந்த மாடலுக்கு வேறு வில் வருவதும் நின்றுவிட்டது. முறுக்குக் குறைந்தால் திங்கள் தள்ளிப்போகும், திங்கள் தள்ளிப்போனால் யார்டில் வேலை போகும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் சந்திரகலா அதைக் கட்டிக்கொண்டு உட்காராமல் வேலை செய்தாள். மற்றவர்கள் கல்யாணங்களுக்குத் தனியாகப் போய், கையை அணிவகுப்பில் போகிற போலீஸ்காரர் போல வீசி நடந்தாள். புதிதாகப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், தெரிந்தவர்கள் வழிவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் பெக்டரி, ஏழாம் நாள் கடிகாரம். ஏழு நாளில் ஆறைத்தான் அவன் வாழ்ந்தான் என்பதால், இரண்டு வயது மூத்தவனாக இருந்தவனை 1990இல் அவள் எட்டிப் பிடித்துவிட்டாள், பிறகு முந்தினாள். "நான் கெழவி ஆயிட்டு வரேன், இவரு மாப்பிள்ளையாவே இருக்காரு" என்று சிரிப்பாள். சில ஞாயிறுகளில் அம்மியில் அரைத்துக்கொண்டே அழுததையும் பார்த்திருக்கிறேன். புருஷன் மேல் கோபம் இல்லை அக்கா, கால் வலிக்குது என்றாள் என் பெண்சாதியிடம். கோபமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

1993இல் ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்தாள். அது தயங்கித் தயங்கி நின்றது. அவள் பாயை விரித்து, அவன் படுக்கிற பக்கமும் சேர்த்துக் கையைக் காலை நீட்டிப் படுத்தாள். ஆறு மணி நேரம் தூங்கினாள். எழுந்து முகம் கழுவி, வெறுங்காப்பி போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் கடிகாரத்தை எடுத்துக் குலுக்கினாள்.

அதனால் திங்கட்கிழமை அவன் வரும்போது விடிந்துவிட்டது. அவள் அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள். அய்யாவு அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான், பன்னிரண்டு. சுவரில் பார்த்தான், ஆறே கால். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"தூங்குனியா?" என்றான்.

"ம்."

"நல்லது" என்று சொல்லி, கடிகாரத்தை வாங்கி முள்ளை ஆறே காலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டான். அதிலிருந்து மாதத்தில் ஒரு திங்கள் அவன் விடிந்துதான் வருகிறான். யார்டு மேற்பார்வையாளரும் அந்த வாரம் அவனைக் காலை ஷிப்டில் போடுவதில்லை, எதற்கென்று யாரும் கேட்பதுமில்லை. அந்த ஞாயிறுகளில் சந்திரகலா வீட்டுக் கதவு மத்தியானம் சாத்தியிருக்கும். நாங்கள் அந்தப் பக்கமாகப் போனால் சத்தம் போடாமல் போவோம்.