மாடி வீட்டில் சோதனை

போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா போயிருந்த மகன் மோகன்குமாரை அந்த ஊர்ப் போலீஸ் பிடித்துவிட்டதாகக் காலையில் போன் வந்தது. நடுரோட்டில் சட்டையைப் பிடித்து, விசா பேப்பர் எங்கே என்று கேட்டு, ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்களாம். கூட வேலை செய்யும் பொன்னன்தான் சொன்னான்.

“பொழைக்கப் போன பையனை இப்படியா பண்ணுவானுக? மனுசனுகளா அவனுக?” என்று நாச்சிமுத்து வீடே அதிரக் கத்தினார். அவர் மனைவி சௌந்திரம் அடுப்பை அணைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவர்கள் வாசலிலேயே போலீஸ் ஜீப் நின்றது. வந்தவர்கள் நேரே மாடி ஏறினார்கள்.

மாடியில் குடியிருந்தவள் ஹோதன். சோமாலியாவில் குண்டுக்குத் தப்பி வந்தவள். ஹைதராபாத்திலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகள் சஹ்ராவுக்கு வியாழக்கிழமை சேலத்தில் கால் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கும் வரையிலாவது பிள்ளை படுக்க இடம் வேண்டும். குடிவந்த அன்று சௌந்திரமே கூட நின்று பால் காய்ச்சினாள்.

எருமப்பட்டித் தோட்டத்தில் மோட்டார் வயர் திருடு போனதற்கு நாமக்கல்லில் இவர்கள் மாடியில் அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். துணிகளை லத்தியால் கிளறினார்கள். ஹோதன் இரண்டு கையாலும் நீட்டிய அகதி அட்டையை எஸ்.ஐ. நுனிவிரலால் வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் எறிந்தார். ஒரு போலீஸ்காரன் சஹ்ராவை எழுந்து நடக்கச் சொன்னான், நடிக்கிறாளா என்று பார்க்க. பிள்ளை விழுந்தது.

“நாளைக்கு இங்க இருந்தா ஸ்டேஷன்தான்” என்றார் எஸ்.ஐ.

“ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குத் தவிர அவ படி எறங்குனதில்லீங்க. அவ மேல சந்தேகம்னு யாரு சொன்னது உங்களுக்கு?” என்றாள் சௌந்திரம்.

“உங்க ஊட்டுக்காரருதானுங்கம்மா.”

சௌந்திரம் திரும்பினாள். நாச்சிமுத்து தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“சந்தேகமெல்லாம் இல்ல புள்ள. கறுப்புக்காரிக்கு ஊடு உட்டுட்டன்னு தெருவே பேசுது. நாம போன்னு சொன்னா பொல்லாப்பு. போலீசு சொன்னா அவளே போயிருவா.”

இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் சோறு போட்டோம் என்றிருந்தது சௌந்திரத்துக்கு.

“போவாத, நான் பாத்துக்கறேன்” என்று அவள் எவ்வளவோ சொல்லியும் ஹோதன் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். “அக்கா, வியாழக்கிழமை” என்றாள்.

நாச்சிமுத்து மஞ்சள் தண்ணீர் கரைத்து மாடிப்படியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மகனே கூப்பிட்டான். சௌந்திரம் ஸ்பீக்கரில் போட்டாள்.

“உட்டுட்டாங்கம்மா. நாங்க குடியிருக்கற ஊட்டு ஓனரு ஸ்டேஷனுக்கு வந்து, நல்ல பையன், எங்கூட்லதான் இருக்கறான்னு சண்டை போட்டுக் கூட்டியாந்தாரு.”

நாச்சிமுத்து விளக்குமாற்றோடு நிமிர்ந்தார். சௌந்திரம் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“தப்பிச்சே சாமி. உங்கப்பனை மாதிரி ஓனரு உனக்கு வாய்க்கல.”