ஊளையிடும் உரிமை

கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஓப்பரா மேடையில் ஒரு பெண் வெகு நேரமாகப் பாடிக்கொண்டிருந்தாள். வயலின்காரர்கள் வில்லைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் தந்திகளைத் தட்டினார்கள். வீப்கே கண்களை மூடிக்கொண்டாள். மார்ச்சில் கணவர் டெட்லெஃப் இறந்த பிறகு அவளுக்கு அசதி வருகிறது, தூக்கம்தான் வருவதில்லை.

வலப்பக்கம் அவருடைய இருக்கை காலியாக இருந்தது. ஜெர்மனியின் ப்ரெமன் நகர அரங்கில் சந்தாக்காரர்களுக்கு வருடா வருடம் அதே இருக்கைதான். வேண்டாமென்று சொல்லும்வரை அது அவர்களுடையது. பழைய ஓப்பராக்கள் அவளுக்காக, புதியவை அவருக்காக என்பது கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஏற்பாடு. புதியவற்றில் ஒன்றுகூட அவளுக்குப் பிடித்ததில்லை. அதை அவள் சொன்னதுமில்லை.

காலி இருக்கைக்கு அப்பால் ஓஸ்டன்டார்ப் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். புது ஓப்பரா முடிந்து இசையமைத்தவர் மேடைக்கு வந்ததும் பிடிக்கவில்லை என்று காட்ட இவர் 'ஊ...' என ஊளையிடுவார். பக்கத்திலிருந்து டெட்லெஃப் 'பிராவோ' என்று முழங்குவார். பிறகு இருவரும் கைகுலுக்கிவிட்டு, கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடம்வரை சண்டை போட்டுக்கொண்டே போவார்கள்.

புது ஓப்பரா என்றால், பாதியில் கிளம்புகிறவர்களால், இடைவேளையில் கோட்டு வாங்கும் வரிசை மதுக்கடை வரிசையைவிட நீளம். வீப்கே முதன்முறையாக அதில் போய் நின்றாள். பிரெட்சல் ரொட்டியைக் கடித்தபடி ஓஸ்டன்டார்ப் வந்தார்.

"என்ன மேடம், இந்த வரிசையில நிக்கிறீங்க?"

"முடியல சார். வீட்டுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை டிக்கெட் ஆஃபீஸ்ல சொல்லி ரெண்டு சீட்டையும் விட்டுடப் போறேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "உங்க இஷ்டம். ஆனா பாதியில போறவங்க இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. கடைசிவரைக்கும் உக்காந்தவனுக்குத்தான் ஊளையிட உரிமை. நானும் உங்க வீட்டுக்காரரும் போட்ட சட்டம்."

"எனக்கு எந்த உரிமையும் வேணாம்."

"இத்தன வருஷம் உக்காந்தீங்களே, ஒரு நாளாவது நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லிருக்கீங்களா? அவர் தட்டினா நீங்களும் தட்டுவீங்க. உங்க வீட்டம்மாவுக்கு இது புடிக்குதான்னு அவர்கிட்டயே கேட்டேன். என்னைவிட அவளுக்குத்தான் புடிக்கும்னாரு."

"அப்படியா சொன்னாரு? பாவி மனுஷன்!"

"பாதியில கோட்டத் தூக்கிட்டுப் போறவங்களக் கண்டாலே ஆகாது அவருக்கு. கடைசில பாருங்க, அவரே..." ஓஸ்டன்டார்ப் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவரே பாதியில போயிட்டாரு" என்று அவள் முடித்தாள்.

மார்ச்சிலிருந்து எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். இப்படி முகத்துக்கு நேரே யாரும் வாய்தவறிக்கூடப் பேசவில்லை. மணி அடித்தது. கோட்டு தருகிற பெண் எண் போட்ட வில்லைக்காகக் கையை நீட்டினாள். வீப்கே கொடுக்கவில்லை. களைப்பா கோபமா என்று அவளுக்கே பிடிபடாத ஏதோ ஒன்று அவளை மறுபடியும் உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தது.

இரண்டாம் பாதியில் ஒருவழியாகக் கதவு திறந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது. அதோடு விளக்கு அணைந்தது.

இசையமைத்தவள் மேடைக்கு வந்தாள். குட்டை முடி வைத்த இளம்பெண். கைதட்டல் பேருக்கு எழுந்தது. வலப்பக்கத்துச் சத்தத்துக்காக வீப்கே காத்திருந்தாள். ஓஸ்டன்டார்ப் முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"கத்துங்க சார்."

"யாரை எதிர்த்துக் கத்தறது? பிராவோ சொல்ல ஆள் இல்லயே. விடுங்க."

அவள் எழுந்து நின்றாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வயிற்றின் அடியிலிருந்து 'ஊ...' என்று கிளம்பியது. முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. மூச்சு தீரும்வரை அவள் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். அந்தக் கத்தல் மேடையிலிருந்த பெண்ணுக்கு மட்டுமானதல்ல என்று அவளுக்கே தெரிந்தது. மேடையிலிருந்தவள் சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்து, அந்தத் திசைக்கும் ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

வீப்கே உட்கார்ந்தாள். முகம் நனைந்திருந்தது.

"மெதுவா, மேடம்" என்றார் ஓஸ்டன்டார்ப், பயந்துபோய். "சின்னப் பொண்ணு. கடைசிப் பகுதி நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லாவா? ரெண்டாவது கதவு எதுக்கு? முதல் கதவத் தொறக்கறதுக்குள்ளயே நமக்கு உயிர் போயிடுச்சு. அந்த வயலினப் போட்டு அடிக்கிற அடி! துணி துவைக்கிற மாதிரி!"

"அந்த எடம்தாங்க எனக்குப் புடிச்சது."

"உங்களுக்கா? பல்லப் புடுங்கற சத்தம் கேட்டுப் பழகின காது, வேற எப்படி இருக்கும்?"

படி இறங்கும்போதும், கோட்டு மாட்டும்போதும் அவள் விடவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

"அப்ப வெள்ளிக்கிழம?" என்று கேட்டார் ஓஸ்டன்டார்ப்.

அவள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"அவரோட சீட்ட விட்டுடறேன். யாராவது வந்து உக்காரட்டும். என்னோடது இருக்கட்டும்."

"புது ஓப்பராவுக்கும் வருவீங்களா?"

"வருவேன். இப்ப பேசாம வாங்க சார், கால் வலிக்குது."