யாரும் தொடவில்லை

காலை பத்து பத்துக்கு, டயானாவின் காதில் மூச்சுவிடாமல் புலம்பிக்கொண்டிருந்த திருவான்மியூர்க்காரர் பாதி வார்த்தையில் காணாமல் போனார். அவர்தான் கோபத்தில் போனை வைத்துவிட்டார் என்று முதலில் நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை வெளுத்துப்போய் நின்றது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த மோடத்தில் ஒரு விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சனியன் இன்றைக்குத்தானா வந்து தொலைய வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அவள் பிழைப்பே இதுதான். இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணுக்கு, நெட் வரவில்லை என்று கூப்பிட்டுக் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது. மோடத்தில் என்ன நிற விளக்கு எரிகிறது என்று பாருங்கள், சுவிட்சை அணைத்து முப்பது எண்ணிப் போடுங்கள், பின்னால் இருக்கும் ஒயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பிப்பாள். கடைசியாக ஒரு கேள்வி உண்டு: வீட்டில் யாராவது ஒயரைத் தொட்டார்களா? இந்தக் கேள்விக்கு நாலு வருடத்தில் ஒருவர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. யாரும் தொடலை மேடம் என்பார்கள். அப்புறம் ஆள் போய்ப் பார்த்தால் பெயின்ட் அடித்தவன் வெட்டியிருப்பான், இல்லை, பீரோவை நகர்த்தி நசுக்கியிருப்பார்கள். அதைச் சொல்லி டீம் லீடர் நிரஞ்சனும் அவளும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. வேலை நேரத்தில் லைன் போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்ப உள்ளே நுழைய வேண்டும். தவறினால் அன்றைக்கு வராதவள் என்று குறித்துவிடுவார்கள். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாவது தடவை என்றால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகை ரத்து. திங்கட்கிழமை முதல் சிறுசேரி ஆபீசில் காலை ஆறு மணிக்கு இருக்க வேண்டும். பட்டினப்பாக்கத்திலிருந்து ஆறு மணிக்கு சிறுசேரி! கணவன் கங்காதரன் விசைப்படகில் ஏறினால் பத்து நாள் கடலில். மாமியார் முத்தம்மா விடியும் முன்பே மீன் எடுக்கப் போய், லூப் ரோட்டில் விற்று முடித்துத் திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். எல்.கே.ஜி. போகும் ஆஷாவை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட யார் இருக்கிறார்கள்? ஆக, மூன்றாவது தடவை என்றால் வேலை போயிற்று என்றுதான் அர்த்தம். போனிலிருக்கும் நெட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், கம்பெனி சாஃப்ட்வேர் பதிவு செய்த வீட்டு லைனைத் தவிர வேறெதிலும் திறக்காது.

சுவிட்சை அணைத்தாள். முப்பது எண்ண வேண்டிய இடத்தில் பதினெட்டுக்கு மேல் பொறுமை இல்லை. போட்டாள். சிவப்பு. மறுபடி அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக முப்பது எண்ணிப் போட்டாள். சிவப்பு. ஒயரைக் கழற்றி, ஊதி, செருகினாள். அதே சிவப்பு. வெளியே கம்பத்திலிருந்து வரும் ஒயரில்தான் கோளாறு. இந்த விளக்குக்கு அதுதான் பொருள் என்று அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கறுப்பு ஒயர் அவளுடைய மூன்றாவது மாடி ஜன்னல்வரை ஒழுங்காகத்தான் இருந்தது.

அடுத்தது அந்தக் கடைசிக் கேள்வி. வீட்டில் கேட்பதற்கு இருந்தது ஒரே ஆள், மாமியார். சமையலறை வாசலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு டயானா பேசி மூன்று நாள் ஆகிறது.

எல்லாம் நெத்திலியால் வந்த வினை. இன்னும் சில வாரத்தில் தடைக்காலம். படகு கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதம் கருவாடுதான் முத்தம்மாவுக்குக் கை கொடுக்கும். அதற்காகத் தினமும் வாசல் வராந்தாவில் நெத்திலியைப் பரப்பினாள். ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மகளாக வளர்ந்தவள் டயானா. எட்டு மணி நேரம் அந்த நாற்றத்தில் உட்கார்ந்து ஊராரிடம் சிரித்துப் பேச முடியவில்லை, தலை வெடிக்கிறது, மாடிக்குக் கொண்டுபோங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டாள். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னாள். முத்தம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “மீன் நாத்தம் ஆவாதவ மீன்காரன இன்னாத்துக்குக் கட்டிக்கின?” என்று கேட்டாள். வராந்தாவில் நாலு வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெத்திலி மொட்டை மாடிக்குப் போனது. அதோடு சரி. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே பேச்சுவார்த்தை எல்லாம் ஆஷா வழியாகத்தான். ஆயாவைச் சாப்பிடச் சொல்லு, உங்கம்மாவைத் தண்ணி புடிச்சி வெக்கச் சொல்லு. ஆஷா இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

டயானா காலண்டரைப் பார்த்துக்கொண்டு, லைன் போச்சு, யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியல என்றாள். முத்தம்மா சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெட்டி கிட்டயே தான் போவதில்லை என்றாள்.

பத்து நிமிஷம் போய்விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் தன் கம்பெனியின் உதவி எண்ணையே கூப்பிட்டாள். எடுத்தவன் மதுரை ஆபீஸ் ஆள், பாலகணேஷ் என்று பெயர் சொன்னான். தானும் அங்கேதான் வேலை என்றாள். அவன் சந்தோஷம் மேடம் என்று சொல்லிவிட்டு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தான். என்ன கலர், அணைத்தீர்களா, முப்பது எண்ணினீர்களா. இதையெல்லாம் கேட்டு முடிக்காமல் அவனால் புகாரைப் பதிய முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. இத்தனை நாளும் தன்னை எத்தனை பேர் இப்படி நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

“கடைசியா ஒண்ணு மேடம். வீட்டுல யாராச்சும் ஒயரைத் தொட்டாங்களா? கேட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

“கேட்டுட்டேன். யாரும் தொடலை.”

சொன்னபின்தான் தன் குரலே அவளுக்குக் கேட்டது. அவன் சிரிக்கவில்லை. சரி மேடம், அரை மணியில் ஆள் வருவார் என்றான். அரை மணி என்றால் எவ்வளவு என்பதும் அவளுக்குத் தெரியும்.

வெட்கம், கோபம், பயம் எல்லாம் சேர்ந்து ஏறியது. ஒரு கிழவியிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வக்கில்லாமல் வேலையை விடப்போகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. சமையலறை வாசலில் போய் நின்றாள்.

“அத்தை, மாடியில ஏதாவது கட்டினீங்களா?”

முத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளுக்கப்புறம் வந்த ‘அத்தை’ என்ற அழைப்பை அவள் கவனிக்காமல் இல்லை. கையைச் சட்டியிலேயே கழுவிவிட்டுச் சொன்னாள். “நெத்திலி மேல வல கட்னேன். மூணு மூலைக்குக் கவுறு கீது, நாலாவதுக்கு இல்ல. கைப்பிடிச் செவுத்தாண்ட கறுப்பா ஒரு கவுறு சுத்தி வெச்சிக் கெடந்துச்சு. இஸ்து முடிச்சி போட்டேன்.”

டயானா ஓடினாள். பின்னால் முத்தம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். மொட்டை மாடியில் பழைய தார்ப்பாய் நிறைய நெத்திலி வெள்ளி வெள்ளியாகக் காய்ந்துகொண்டிருந்தது. மேலே வலை விறைப்பாக நின்றது. நாலாவது மூலையில், ஒயர்க்காரன் உபரியாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போன நெட் ஒயர், படகுக்காரர்கள் போடும் முடிச்சில் இறுகிக் கிடந்தது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. டயானாவின் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். முத்தம்மா அவளை ஒதுக்கிவிட்டு ஒரே திருப்பில் அவிழ்த்தாள். வலையின் அந்த மூலை காற்றில் எழும்பி மடங்கி விழுந்தது.

முடிச்சு இருந்த இடத்தில் ஒயர் மடங்கியிருந்தது. டயானா அதை இரண்டு கையாலும் நீவிப் பிடித்தாள். முத்தம்மா கீழே போய் ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். சிவப்பு. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். “பச்ச எரியுதுடி, பச்ச” என்று கேட்டது. செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்தாள். சிவப்பு. கைப்பிடிச் சுவரின் மேல் படுக்க வைத்தாள். அதுவும் சிவப்பு. கை பிடித்தால்தான் பச்சை. மணி பத்து முப்பத்தாறு.

முத்தம்மா மூச்சு வாங்க மறுபடி ஏறி வந்தாள். டயானா ஒயரை விடவில்லை. மடங்கிய வலையையும் பார்த்தாள், தண்ணீர் டேங்கின் மேல் வந்து உட்கார ஆரம்பித்திருந்த காக்கைகளையும் பார்த்தாள். முத்தம்மாவும் பார்த்தாள். பிறகு ஒயரை அவள் கையிலிருந்து, அவள் பிடித்திருந்த அதே வாட்டத்தில், மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“நீ போ. நா புடிச்சிகினு கீறேன்.”

பத்து முப்பத்தொன்பதுக்கு டயானா உள்ளே நுழைந்துவிட்டாள். நிரஞ்சன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். அடுத்த நிமிஷமே அழைப்புகள் வரிசை கட்டின. சைதாப்பேட்டை, அடையாறு, சிந்தாதிரிப்பேட்டை. விளக்கு என்ன நிறம் என்று கேட்கும்போதெல்லாம் அவள் கண் தன் மோடத்துக்குத்தான் போனது. தலைக்கு மேலே காக்கைகளின் கத்தல் அதிகமாகிக்கொண்டே வந்தது. நடுநடுவே முத்தம்மாவின் குரல், காக்கைகளின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியது. பதினொன்றுக்குமேல் அந்தக் குரலும் கேட்கவில்லை. ஆள் வரவில்லை. எழுந்து போக முடியாது. இடைவேளை பதினொன்றரைக்கு, பத்தே நிமிஷம்.

பதினொன்றரைக்கு ஹெட்செட்டை வீசிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு மாடிக்கு ஓடினாள்.

காக்கைகள் தார்ப்பாயின் மேலேயே நடந்துகொண்டிருந்தன. பாதி நெத்திலியைக் காணோம். நடுவில் முத்தம்மாவின் இரண்டு ரப்பர் செருப்புகளும் பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தன. காலாலேயே உதறி எறிந்திருக்கிறாள். முத்தம்மா கைப்பிடிச் சுவரோரம், விட்டுப்போன அதே இடத்தில் நின்றிருந்தாள். கை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. வெறுங்கால் ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைத்து, பிறகு அதை மாற்றி, கொதிக்கும் தரையில் நின்றுகொண்டிருந்தாள். டயானாவைப் பார்த்ததும், “லைட்டு எரியுதா?” என்று மட்டும் கேட்டாள்.

எரிகிறது என்று டயானா தலையாட்டினாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினாள். உள்ளங்கால் சுட்டது. காக்கைகளின் மேல் எறிவதா, அத்தையின் காலடியில் போடுவதா என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்தபடி நின்றாள்.