வலது மேல் மூலையில் ஒரு விரல்

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் போய் இப்படிக் கேட்டார்கள். நானும் இருவருக்கும் தலையாட்டினேன்.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

ஐந்தருவியில் அன்று சாரல் மெல்ல

[வேண்டாம். குற்றாலக் கதை என்றால் எல்லோரும் சாரலில்தான் ஆரம்பிக்கிறார்கள்.]

உமாசங்கருக்குப் புதிய கேமரா வாங்க வேண்டும் என்று ஆசை

[பொய். அவருக்கு அந்த ஆசை இல்லை. அதுதான் சிக்கலே.]

உமாசங்கரின் கேமராவுக்கு வயது பதின்மூன்று.

இது நிற்கும்.

2.

உமாசங்கர் தென்காசி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர். ஆறு நாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஏழாம் நாள் கேமராவோடு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு அண்ணாச்சி முறை. பதின்மூன்று வருடமாக அந்த ஒரே கேமராவில் அந்த ஒரே அருவியை எடுக்கிறார். தண்ணீர் பாலாடை போல் விழும் படங்கள்.

இந்த வருடம் சீசனுக்கு ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். அண்ணாச்சியின் ஐந்தருவிப் படம் ஒன்றை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கேட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தால், வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. "புதுசா நல்ல கேமராவுல ஒண்ணு எடுத்துத் தாங்களேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை அவர் மனைவி லோகநாயகி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

[மதினியை 'கூப்பிட்டாள்' என்று எழுதக் கை கூசுகிறது. கதைக்குள் வந்துவிட்டதால் மன்னிக்க வேண்டும்.]

"தம்பி, நீங்க சொன்னா அவுக கேப்பாக. புதுசு ஒண்ணு வாங்கச் சொல்லுங்க."

"பழசு நல்லாத்தான இருக்கு மதினி?"

அவள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பூண்டுப் பல்லை உரித்துப் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அத நாந்தான் கெடுத்தேன். வாங்கி மூணு மாசங்கூட ஆவல. ஐந்தருவில அவுக முதுவுக்கு எண்ணெ தேச்சுவிட்டேன். கேமராவையும் லென்ஸையும் தனித்தனியாத் துண்டுல சுத்தி எங்கிட்ட குடுத்துட்டுக் குளிக்கப் போனாக. கேமரா மூடி கழண்டு விழுந்துட்டு தம்பி. உள்ள பாத்தா சின்னக் கண்ணாடி கணக்கா மின்னுது. அதுல ஒரு சொட்டுத் தண்ணி. கெட்டுரப் போவுதேன்னு வெரலால ஒத்தி எடுத்துட்டேன். எண்ணெக் கை."*

"அண்ணாச்சிகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்ல? மொத படம் பிரிண்டு போட்டு வந்தப்பவே மூலையில கறையா நின்னுது. இது என்னதுன்னு கேட்டேன். 'மேகம்லா அது'ன்னாக. இன்ன வரைக்கும் மேகம்னே நெனச்சிக்கிட்டு இருக்காக, பாவம்."

அந்த வீட்டுச் சுவர் முழுக்க அருவிதான். லோகநாயகி இருக்கும் ஒரே படத்திலும் அவளுடைய பின்னங்கொண்டைதான் தெரிகிறது.

"என்னைய எடுக்க வந்தா திரும்பிக்கிடுவேன்" என்றாள். "அந்தக் கேமராவ நேருக்கு நேர் பாக்க முடியல தம்பி. புதுசு வந்துட்டா இந்தக் கதை இதோட முடிஞ்சிரும்லா?"

* குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பவர்கள் வெளியூர்க்காரர்கள். கதையில் அருவியை மட்டும் வேறு ஊருக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். எண்ணெய் போய்விட்டது, எண்ணெய் போனதும் கதையும் போய்விட்டது.

3.

அண்ணாச்சியை மறுநாளே தென்காசியில் ஒரு கேமரா கடைக்கு இழுத்துப் போனேன். கடையை நடத்துவது சஃப்ரின் என்ற பெண். புதிய மாடல் ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"ஆளோட கண்ணை இதுவே தேடிப் பிடிச்சிக்கிடும் அண்ணாச்சி. நீங்க பட்டனை அமுக்குனா போதும்."

"அப்போ நான் எதுக்கும்மா?"

"அமுக்குததுக்கு."

அண்ணாச்சி சிரித்தார். ஆனால் புதியதை மேசையில் வைத்துவிட்டுப் பழையதையே தடவிக்கொண்டிருந்தார். சஃப்ரின் அதை வாங்கி, வாசலுக்குப் போய் வானத்தை ஒரு படம் எடுத்தாள். அப்புறம் என் முகத்தை ஒன்று எடுத்தாள். இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டாள். வானத்தில் கறை இருந்தது. என் முகத்தில் இல்லை.

"சென்சார்ல, அதான் உள்ள படம் விழுத தகட்டுல, எண்ணெ பட்டிருக்கு. அருவி பாலாட்டம் விழணும்னு நீங்க லென்ஸோட துவாரத்தைச் சுருக்குதீயள்லா, அதான் இப்படி அப்பட்டமாத் தெரியுது. நல்லாத் தெறந்து வச்சு கிட்டக்க ஒரு முகத்தை எடுங்க. கறை இருக்கதே தெரியாது." அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன. "அட, இது யாரோட வெரலோ! அரை மணி நேரம் குடுங்க, தொடச்சித் தாரேன்."

அண்ணாச்சி எழுந்து கேமராவை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார்.

"வேண்டாம்மா. வாங்குதேனா இல்லையான்னு வார திங்கக்கிழமை விட்டு அடுத்த திங்கக்கிழமை வந்து சொல்லுதேன்."

4.

டீக்கடையில் வைத்து நான் கேட்டேன்.

"எண்ணெ எப்படிப் பட்டுச்சு அண்ணாச்சி?" [எனக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல் கேட்பது என் தொழில்.]

"உங்க மதினி வெரலுதாம்லே அது."

என் கையில் இருந்த டீ சிந்தியது. [இப்படி ஒரு வரி என் எல்லாத் தொடர்களிலும் வரும். இந்த முறை உண்மையிலேயே சிந்தியது.]

"குளிச்சிட்டு வந்தேன். பாறைமேல உக்காந்து கேமராவுக்குள்ள வெரல விட்டுக்கிட்டிருக்கா. 'அடியே'ன்னு கத்தத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவளே பதறி அங்கிட்டு இங்கிட்டுப் பாத்தா. பயந்துபோன மூஞ்சி. அவ மூடி வைக்கட்டும்னு நான் ஒரு மரத்துப் பக்கமா நின்னு துண்டைப் பிழிஞ்சேன். காஞ்ச துண்டாட்டம் ஆன பெறகும் பிழிஞ்சேன்."

"அப்போ மேகம்னு சொன்னது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை.

"பின்ன என்னன்னு சொல்லச் சொல்லுத? தெரியும்னு சொன்னா, ஒவ்வொரு படத்தையும் பாத்து அழுவா. தொடச்சா, அன்னைக்கு என் முதுவுக்கு எண்ணெ தேச்ச வெரலு போயிரும். பதிமூணு வருசமா அந்த மூலையில ஒரு பாறையோ மரமோ வர்ற மாரிதான் படமே எடுக்கேன். எனக்கு அது பழகிட்டு. புதுசு வாங்கிட்டா மூலைய என்ன செய்ய?" டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிராதலே."

5.

பத்திரிகைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முதலாவது: அண்ணாச்சி புதியது வாங்குகிறார். கண்காட்சியில் கறையில்லாத அருவி. மதினிக்கு நிம்மதி. ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பழைய கேமரா

[வேண்டாம். அலமாரிக்குள் போவதால் குற்றவுணர்ச்சி தீராது.]

இரண்டாவது: சஃப்ரின் துடைத்துவிடுகிறாள். கறை போய்விடுகிறது. அண்ணாச்சி அருவி முன்னால் நின்று, காலியான மூலையைப் பார்த்து

[இதை எழுதும்போது எனக்கே பிடிக்கவில்லை.]

மூன்றாவதில் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறார்கள். பாறைமேல் உட்கார்ந்து, கண்ணீர் மல்க.

[அவர்கள் அப்படிப் பேசுகிறவர்களாக இருந்தால் பதின்மூன்று வருடம் ஆகியிருக்காது.]

ஆகவே நான் தொழிலுக்கு ஆகாத ஒரு காரியம் செய்கிறேன். முடிவைக் கையில் வைத்திருக்கும் ஒரே வாசகரிடம் நேராகப் பேசிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

6.

மதினி, உங்கள் பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன். இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வரும். அண்ணாச்சி நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்று நீங்களே பலமுறை கேலி செய்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் இதை அனுப்புகிறேன்.

இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். உங்களிடம் திட்டு வாங்கத் தயார்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது மேகம் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை. நீங்கள் மூடி வைக்கட்டும் என்று மரத்தடியில் ஈரத் துண்டோடு நின்றவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கு உங்களையும் கூப்பிடுவார். பழைய கேமராவைத்தான் எடுத்து வருவார். திங்கட்கிழமை சஃப்ரினிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. அந்தப் பெண் சொன்னதை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அருவியை எடுத்தால்தான் அந்தக் கறை தெரியும். கிட்ட வந்து ஒரு முகத்தை எடுத்தால் தெரியாது.

கடைசி வரியைப் பாதிதான் எழுதியிருக்கிறேன். மீதி உங்களுடையது.

உமாசங்கர் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவைத் தூக்கினார். லோகநாயகி முகத்தை