சட்டைப் பையில் இருந்த குழாய்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேல்வீட்டில் இருப்பவனிடம் ஒரு பைக் இருக்கிறது. தார்ச்சாலைக்கான பைக் இல்லை. கல்லிலும் புல்லிலும் ஏறுவதற்கென்றே செய்தது. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம். மலையுச்சியில் இருக்கும் செல்போன் டவரைப் பராமரிப்பது அவன் வேலை. சாயங்காலம் அவன் பாலத்தைத் தாண்டும்போதே என் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். நான் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் அத்தோடு சரி.

பழிவாங்க ஒரு நகைச்சுவைக் கதை ஆரம்பித்தேன். அதன் தொடக்கம் இது:

"ஓர் எழுத்தாளனின் தலைக்கு மேல் ஓர் இடி குடியிருந்தது. அந்த இடிக்கு ஓர்"

அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மாடியில் அவனுடைய அக்கா நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓட்டுவார். பைக் வருவதற்குச் சற்று முன்னால் அந்த மெஷின் நின்றுவிடும். பாலத்தில் சத்தம் கேட்கும்வரை மாடியில் ஓர் அசைவும் இருக்காது. கேட்டதும் நாற்காலி நகரும், பாத்திரம் உருளும், யாரோ இருமுவார்கள். என்னை வதைத்த அதே சத்தத்துக்காக இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அதன் பிறகு நகைச்சுவை ஓடவில்லை.

2

அவனுக்குத்தான் அக்கா, நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். இந்தப் பாத்திரத்தை எழுதுவதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தடுமாற்றம். முதல் வரைவில் அழுமூஞ்சியாக எழுதினேன்: "கணவனை இழந்த அவள் கண்களில் எப்போதும் ஒரு" — அடித்துவிட்டேன். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. என் பேன்ட் இடுப்பைப் பிரித்துக் கொடுக்கும்போது, "சார், இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்ல. இனிமே நீங்கதான் குறையணும்" என்பார்.

கணவர் இறந்ததையும் அதே படிக்கட்டில் நின்று, அதே குரலில்தான் சொன்னார். அத்தானுக்கும் (அவனுக்கு அத்தான், எனக்கு வேறு பெயர் தெரியாது) அதே டவரில்தான் வேலை. கோடையில் ஒருநாள் காலையில் பைக்கில் மலை ஏறினார். மத்தியானத்துக்கு முன்னால் மலைச்சரிவில் புல் பற்றிக்கொண்டது. மேலே நின்றவருக்குப் புகை தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு ஃபோன் செய்து "கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்குவதற்கு இருந்தது ஒரே பாதை. அவர் ஏறிப்போன அந்தப் பாதையில்தான் தீயும் அவருக்குப் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தது.

"எவனோ சிகரெட்டை அணைக்காமப் போட்டுட்டுப் போயிட்டான் சார். அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார் அக்கா.

விசாரித்தவர்கள் காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். சிகரெட்காரன் அக்காவே உண்டாக்கிய ஆள். யாரும் பார்த்திராத அவனைத் திட்டித் திட்டித்தான் அவர் நாளைத் தள்ளுகிறார். திட்டும்போது மெஷின் வேகமாக ஓடும்.

(வாசகர் கேட்கலாம்: டவர்க்காரன் வீட்டில் ஃபோனுக்கா பஞ்சம்? பைக் சத்தத்துக்கு எதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும்? நானும் கேட்டேன். "ஃபோன்ல கிளம்பிட்டேன்னுதான் சார் வரும். வந்துட்டேன்னு வண்டிதான் சொல்லணும்" என்றார். இந்த வசனத்தை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். எழுதவில்லை.)

3

மலையடிவாரத்தில் வனத்துறையின் கேட் ஒன்று இருக்கிறது. அத்தான் காலத்தில் அங்கே கண்டிப்பு அதிகம், நடுவில் தளர்ந்தது, இந்தக் கோடையில் புதிய காவலர் வந்ததும் மறுபடி இறுகிவிட்டது. சைலன்சரின் வாய்க்குப் பின்னால் சத்தம் அளக்கும் கருவியை நீட்டுகிறார். அதற்குள் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்க்கிறார்.* இரண்டிலும் மேல்வீட்டுக்காரன் தோற்றான். சத்தமும் பொறியும் அடங்கிய சைலன்சர் மாட்டினால்தான் இனி மலை. மலை இல்லையென்றால் வேலையும் இல்லை.

* இஞ்சினில் படியும் கரி சில சமயம் கனன்றபடியே துணுக்குத் துணுக்காக வெளியே தெறிக்கும். வலை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இது எனக்கும் சமீபத்தில்தான் தெரியும். தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

அடுத்த காட்சியில் நான் இல்லை. மாடியில் நடந்தது. பின்னால் அவன் சொன்னதை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

"சத்தமே வராததா? வேணவே வேணாம்" என்றார் அக்கா.

"கேட்ல விட மாட்டேங்கிறாங்கக்கா."

"கேட்லதானே? தாண்டினதும் கழட்டிடு. உங்க அத்தான் அப்படித்தான் பண்ணுவாரு. நான்தான்டா சொல்லிக் குடுத்தேன், வண்டிச் சத்தம் கேக்கலன்னா எனக்குப் பயமா இருக்குன்னு. துணியைச் சுத்தி, ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டி, உள்ள இருக்கிற குழாயை உருவிப் பையில போட்டுக்குவாரு. ஏத்தத்துல வண்டியும் நல்லா இழுக்குதுன்னு அவருக்கும் சந்தோஷம்."

சொல்லிக்கொண்டே நூல்கண்டுகள் அடுக்கிய அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். சாண் நீளம்கூட இல்லை. கரி அப்பிக் கறுத்திருந்தது.

"அன்னிக்கு அவரு சட்டைப் பையில இருந்தது. ஆஸ்பத்திரில குடுத்தாங்க. உனக்கு ஆகுமான்னு பட்டறையில கேட்டுப் பாரு. நீயும் அதே மாதிரி கழட்டிப் பையில போட்டுக்க. எனக்குக் கேக்கணும்டா."

(இங்கே "அக்காவின் கை நடுங்கியது" என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தம்பிக்கு உபயோகப்படும் ஒரு பொருளைக் கொடுக்கிறவருக்குக் கை ஏன் நடுங்க வேண்டும்?)

4

பட்டறையில் நான் இருந்தேன். என் ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்கவில்லை; அதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை இல்லை.

பட்டறைக்காரர் வாயாடி. விற்கிற சாமானையெல்லாம் சொந்தப் பிள்ளைகள் மாதிரி பேசுவார். இரண்டு சைலன்சர்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று ஒல்லி, பளபளப்பு. அதன் வாயில் குழாயைச் செருகலாம், உருவலாம். மற்றது தடியன். முனை வரைக்கும் மூடிப் பற்றவைத்திருந்தது. உருவ எதுவும் கிடையாது.

"இந்தக் குண்டன் இருக்கானே, பரம சாது. தையல் மெஷின் மாதிரி ஓடுவான். பாலத்துல வர்றது பாலத்துக்கே தெரியாது."

என் ஜன்னலை நினைத்து எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

"ஒல்லியே போதும்ணே. குழாய் என்கிட்டயே இருக்கு" என்று அவன் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

பட்டறைக்காரர் அதை வாங்கி, துணியை நனைத்து அழுத்தித் துடைத்தார். முனையை வெளிச்சத்தில் காட்டி ஊதினார். "அடடே, வலை கொஞ்சம்கூடக் கிழியல பாருங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றானுங்க, கேட்டைத் தாண்டினதும் இதை உருவிப் பையில போட்டுக்கிறானுங்க. சத்தத்துக்குத்தானே இதுன்னு நினைப்பு. பொறி புடிக்கிற வலையும் இதுலதாங்க இருக்கு! உருவினா ரெண்டும் போச்சு. பின்னாடி புல்லு எரியறதுகூடத் தெரியாம அவனுங்க பாட்டுக்கு மேல போயிட்டே இருப்பானுங்க."

சொல்லிவிட்டு என் ஸ்கூட்டருக்கு வந்துவிட்டார். பிரேக்கை யார் கடைசியாகத் தொட்டது என்று திட்ட ஆரம்பித்தார்.

அவன் அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தான். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் பக்கத்தில் போய், "என்ன தம்பி?" என்றேன். மாடியில் நடந்ததை அப்போதுதான் சொன்னான். சொல்லி முடித்து, "சிகரெட்காரன்னு ஒருத்தனே இல்ல சார்" என்றான். குழாயைப் பார்த்தபடியே, "அக்காதான் சார் கழட்டச் சொன்னது" என்றான். அவன் தோளில் கை வைத்தேன். சொல்வதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வார்த்தைதான் என் பிழைப்பு.

எழுந்து போய், "குண்டனையே மாட்டிடுங்கண்ணே" என்றான்.

"நல்ல புள்ள! அப்ப அந்தக் குழாய்?"

அவன் அதைத் துணியில் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெளியே வரும்போது என்னிடம், "அலமாரில இது இல்லன்னா கேப்பாங்க சார்" என்றான்.

5

இதுவரை நடந்தது. இனி நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) அவன் உண்மையைச் சொல்கிறான்.

"அக்கா, அந்தக் குழாய்ல ஒரு வலை இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கென்ன?"

இதற்கு அடுத்த வரியை நான் பலவிதமாக எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் அந்த வரியில் சிகரெட்காரன் காணாமல் போகிறான். அவன் நின்ற இடத்தில் அக்கா வந்து நிற்கிறார். இத்தனை காலம் அவனுக்கு விட்ட சாபமெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. என்னால் அந்த இடத்துக்கு அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப் போக முடியவில்லை.

(ஆ) அவன் பொய் சொல்கிறான். "கேட்ல சீல் வெச்சுட்டாங்கக்கா, கழட்ட முடியாது." அக்கா காவலரைத் திட்டுகிறார். ஆனாலும் தினமும் சாயங்காலம் மெஷினை நிறுத்துகிறார். வராத சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். அவன் ஓசைப்படாமல் வந்து படியேறி நிற்கும்போது ஒவ்வொரு நாளும் திடுக்கிடுகிறார். முழுதாக எழுதி முடித்தது இந்த ஒன்றைத்தான். படித்துப் பார்த்தேன். அழுகை வந்தது. நல்ல முடிவு என்பதால் இல்லை.

(இ) அக்காவின் பிடிவாதத்துக்கு அடங்கி, குண்டனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒல்லியை மாட்டுகிறான். கேட்டைத் தாண்டியதும் வளைவில் வண்டியை நிறுத்தி, துணியைச் சுற்றி, அந்த ஒரே ஒரு போல்ட்டை

வேண்டாம்.

(மலையில் குழாயை மாட்டிக்கொண்டே போய், கேட்டுக்கு வெளியே வந்தபின் உருவினால் போதாதா என்று கேட்கும் கெட்டிக்காரர்களுக்கு: கேட்டிலிருந்து பாலம் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் அதே காய்ந்த புல்தான். நானும் உங்களைப் போல நப்பாசையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.)

6

இதை எழுதிக்கொண்டிருப்பது சாயங்காலம். குண்டன் மாட்டிய பைக் காலையில் பூனை போல வெளியே போனது. அவன் அக்காவிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மெஷின் நின்று வெகுநேரம் ஆகிறது. ஜன்னல் கண்ணாடி அசையவில்லை. நான் ஆசைப்பட்ட அமைதி இதுதான். ஒரு வரிகூட ஓடவில்லை.

படியில் காலடி கேட்டது. அக்கா இறங்கி வந்தார். தைத்த துணி எதையோ கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். கையில் அந்தக் குழாய்.

"வேலையா இருக்கீங்களா சார்?"

"இல்லக்கா. சும்மாதான்."

கடைசிப் படியில் உட்கார்ந்தார். சாலையைப் பார்த்தபடியே பேசினார். "தம்பி பட்டறைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து என் முகத்தையே பாக்க மாட்டேங்கிறான். கேட்டா மழுப்புறான். இதைக் கொண்டு வந்து அலமாரில வெச்சிருக்கான். யாரோ துடைச்சிருக்காங்க சார். நான் ஒரு நாளும் துடைச்சதில்ல. அவரு பையில இருந்த கரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டிருந்தேன்."

அதன் முனையை விரல் நுனியால் தடவினார்.

"துடைச்சதும் இங்க வலை மாதிரி ஒண்ணு தெரியுது. அன்னிக்கு நீங்களும் பட்டறையில இருந்தீங்களாமே. இந்த வலை எதுக்கு சார்?"

கேட் காவலரை விட்டால், அது எதற்கென்று தெரிந்தவர்கள் பட்டறைக்காரர், அவன், நான், நீங்கள். பட்டறைக்காரருக்கு அக்காவையே தெரியாது. அவன் பாலத்தைத் தாண்டிவிட்டானா, இன்னும் மலையிலேயே இருக்கிறானா என்று இனி இந்த வீட்டில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. எனக்குக் கடைசி வரி எழுத வராது என்பதை இதற்குள் நீங்களே பார்த்துவிட்டீர்கள். அக்கா சாலையிலிருந்து முகத்தைத் திருப்பி நிமிர்ந்து பார்க்கிறார்.

நீங்களாவது சொல்லுங்கள்.